நீங்கள் எத்தனையாவது கை?

கிராண்ட் என்கிற நில உரிமை ஆவணத்தில் பெயர் ஏறிவிட்டால் நிலம் நம்முடையதுதான், இனி எவராலும் அசைக்க முடியாது என்று நம்மவர்கள் சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியைப் பற்றியது இந்த அத்தியாயம். வீடு வாங்கப் போகிறவர்களும், அப்பா விட்டுச்சென்ற லாட்டை வெறுமனே போட்டு வைத்திருப்பவர்களும், அவசரத்துக்குக் கிராண்டைக் கொடுத்துப் பணம் புரட்டியவர்களும் இதைப் பொறுமையாகப் படிப்பது நல்லது.

தீபகற்ப மலேசியாவின் நிலங்கள் எல்லாம் தேசிய நிலச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1965இல் இயற்றப்பட்டு, 1966 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் அது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. இங்கே சொல்வதை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். இச்சட்டத்தின் வேர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த பதிவு முறையில், பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும். அங்கே பதிவாவது பத்திரம். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று தேடி அலைந்துதான் உரிமையை உறுதி செய்ய வேண்டும். இங்கே பதிவாவது உரிமையே.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் குடியிருந்துவிட்டேன், இனி இடம் எனக்கே என்ற ஊர் வாதம் இங்கே எடுபடாது. அனுபவ பாத்தியத்தால் பதிவு பெற்றவரின் உரிமை அழியாது என்று 341ஆம் பிரிவு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது.

340ஆம் பிரிவு சொல்வது

உங்கள் வழக்கறிஞர் வாயில் அடிக்கடி வரப்போகும் எண் 340. அதன் முதல் உட்பிரிவு, பதிவு பெற்றவரின் உரிமை அசைக்க முடியாதது என்கிறது. இரண்டாம் உட்பிரிவு, அசைக்கக்கூடிய மூன்று சூழ்நிலைகளைச் சொல்கிறது. முதலாவது, மோசடி அல்லது பொய்யான கூற்று. அதில் பதிவு பெற்றவருக்கோ அவருடைய ஏஜெண்டுக்கோ பங்கு இருந்திருக்க வேண்டும். இரண்டாவது, கள்ளக் கையெழுத்து, அல்லது சட்டப்படி போதாத, செல்லாத ஆவணம். மூன்றாவது, சட்டம் கொடுத்த ஓர் அதிகாரத்தைப் பயன்படுத்துவதாகச் சொல்லி முறைகேடாக நிலத்தைப் பெறுவது.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மோசடி என்றால் வாங்கியவரின் கை அதில் பட்டிருக்க வேண்டும். கள்ளக் கையெழுத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. வாங்கியவர் பச்சைக் குழந்தையைப் போல ஒன்றும் அறியாதவராக இருக்கலாம், சந்தை விலையை முழுதாகக் கொடுத்திருக்கலாம். விற்றவர் கையெழுத்து போலி என்றால் வாங்கியவருடைய பதிவு ஆட்டம் காணும். செல்லாத ஆவணத்துக்கும் இதே கதிதான். பதினெட்டு வயது நிரம்பாதவர் எழுதிக்கொடுத்தது, மலாய் ஒதுக்கீட்டு நிலத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக மாற்றியது, போலி அதிகாரப் பத்திரத்தை வைத்து மாற்றியது எல்லாம் இந்த வகையில் வரும்.

அடுத்தது மூன்றாம் உட்பிரிவு. இந்த அத்தியாயத்தின் உயிர் இதில் இருக்கிறது. அசைக்கக்கூடிய உரிமை யார் கைக்கு மாறினாலும் அதை ரத்து செய்யலாம். ஆனால், நேர்மையாக, உரிய விலை கொடுத்து வாங்கியவரையும் அவர் வழியாகப் பெற்றவரையும் தொட முடியாது என்கிறது அது. அதாவது, போலிக் கையெழுத்தால் முதலில் பதிவு பெற்றவர் முதல் கை. அவரிடமிருந்து வாங்கியவர் இரண்டாம் கை. முதல் கை நிரபராதியாக இருந்தாலும் நிலத்தை இழப்பார். இரண்டாம் கை நேர்மையானவர் என்றால் நிலம் அவருக்கே. பழைய உரிமையாளர் நஷ்டஈடு கேட்டு மோசடிக்காரனைத் தேடிப் போக வேண்டியதுதான்.

தஞ்சோங் பூங்காவில் நடந்தது

சட்டத்தின் வாசகம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் நிலைமை தலைகீழாக இருந்தது. காரணம் அடோர்னா வழக்கு.

பினாங்கு தஞ்சோங் பூங்காவில் தாய்லாந்துப் பெண்மணி ஒருவருக்கு நிலம் இருந்தது. அவரைப் போல் ஆள்மாறாட்டம் செய்த ஒரு பெண், 1988இல் கிராண்ட் தொலைந்துவிட்டதாகச் சத்தியப்பிரமாணம் செய்து, நில அலுவலகத்தில் மாற்றுப் பிரதி வாங்கினாள். மறு ஆண்டு இன்னொரு சத்தியப்பிரமாணம்: பதிவேட்டில் உள்ள பெயரும் தன் கடப்பிதழில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று. இரண்டு தாள்கள்தான். அவற்றை வைத்து நிலம் அடோர்னா நிறுவனத்துக்குக் கைமாறியது. உண்மையான உரிமையாளர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. நேர்மையாக வாங்கியவருக்கான பாதுகாப்பு முதல் கைக்கும் உண்டு என்றது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். உங்கள் கையெழுத்தை எவனோ போட்டு, ஒன்றும் அறியாத ஒருவருக்கு உங்கள் வீட்டை விற்றால், பதிவு முடிந்த அந்த நிமிடமே வீடு உங்களுடையது இல்லை. நிலமோசடிக் கும்பலுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? வழக்கறிஞர்களும் கல்வியாளர்களும் அந்தத் தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தார்கள். மறுஆய்வு மனு போட்டும் பலனில்லை.

2010 ஜனவரி 21ஆம் நாள், டான் யிங் ஹோங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட கூட்டரசு நீதிமன்ற அமர்வு, அடோர்னா தீர்ப்பு தவறு என்று அறிவித்தது. இந்த வழக்கில் நிலம் பகாங் மாநிலம் குவாந்தானில். உரிமையாளரின் பெயரில் போலி அதிகாரப் பத்திரம் ஒன்றைத் தயாரித்து, நிலத்தை ஒரு வங்கிக்குச் சார்ஜ், அதாவது கடனுக்கு ஈடாக, கொடுத்துவிட்டார்கள். கடன் வாங்கியது ஒரு மர நிறுவனம். கடனைக் கட்டச் சொல்லி 1985இல் வங்கியின் நோட்டீஸ் வந்தபோதுதான் உரிமையாளருக்கு விஷயமே தெரியும். வங்கி நேர்மையாகத்தான் நடந்துகொண்டது. ஆனால் அது முதல் கை. மூன்றாம் உட்பிரிவில் உள்ள பாதுகாப்பு அந்த உட்பிரிவுக்கு மட்டுமே பொருந்தும், முதல் கைக்கு அது கிடையாது என்று நீதிமன்றம் சொல்லிச் சார்ஜை ரத்து செய்தது. நோட்டீஸ் வந்ததற்கும் நியாயம் கிடைத்ததற்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள்.

2014இல் இன்னொரு வழக்கில் இதே நீதிமன்றம் இதை மறுபடி உறுதி செய்தது. அங்கே, இறந்துபோன ஒருவரின் வாரிசு என்று பொய் சொன்னவர்களிடமிருந்து நிலத்தை வாங்கியவர் முதல் கை. காசு கொடுத்து வாங்கினேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்ற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை.

இன்றைய சட்டம் இதுதான். சிங்கப்பூரில் வீடு வாங்கப் போகிறவர்கள் இதை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. அங்கே மோசடியிலோ கள்ளக் கையெழுத்திலோ பங்கில்லாத முதல் கைக்கும் பாதுகாப்பு உண்டு. நிலத்தை இழந்தவருக்கு ஈடு கொடுக்க ஓர் உறுதி நிதி இருக்கிறது. நம் தேசிய நிலச் சட்டத்தில் அப்படி ஒரு நிதியே இல்லை. நேர்மையாகக் கடமையைச் செய்த நில அலுவலக அதிகாரி மீது வழக்குத் தொடுக்கவும் முடியாது. என்னைக் கேட்டால், பதிவேட்டை நம்பு என்று சொல்லும் அரசாங்கம், பதிவேடு பிழைக்கும்போது கைகொடுக்க ஒரு நிதியையும் வைத்திருக்க வேண்டும். அது வரும்வரை நாம்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

எது மோசடி?

பெரும் பணக்காரர் லோக் இயூவின் பெயரில் கோலாலம்பூரில் ஒரு சாலை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மோசடி என்றால் என்ன என்பதை நம் நீதிமன்றங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அவர் மீது போடப்பட்ட வழக்கு. 322 ஏக்கர் நிலம் ஒருவர் பெயரில் பதிவாகியிருந்தது. அதற்குள் 58 ஏக்கர் லோக் இயூவின் அனுபவத்தில் இருந்தது. ஆனால் அவர் உரிமை பதிவாகவில்லை. போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், பெயரில் இருந்த ஒரு ரப்பர் நிறுவனம் முழு நிலத்தையும் வாங்க வந்தது. லோக் இயூவின் பகுதியைத் தொடமாட்டோம் என்று உறுதி தராமல் விற்க மாட்டேன் என்றார் உரிமையாளர். நிறுவனத்தின் ஆள், லோக் இயூவோடு தானே தனியாகப் பேசி முடித்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்து வாங்கி, பதிவும் முடிந்தது. உடனே லோக் இயூவை வெளியேறச் சொல்லி வழக்கு! 1913இல் லண்டன் பிரிவி கவுன்சில் இதை மோசடி என்றது.

இதில் நமக்கான பாடம் நுட்பமானது. இன்னொருவருக்குப் பதிவாகாத உரிமை இருப்பது தெரிந்து வாங்குவது மட்டுமே மோசடி ஆகிவிடாது. அந்த உரிமையைப் பறிக்க வேண்டும் என்றே திட்டமிட்டு, பொய் வாக்குக் கொடுத்துப் பதிவு வாங்கினால் அது மோசடி. மனத்தில் கள்ளம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். முன்பு இதைக் குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கச் சொன்னார்கள். 2015இல் சின்னையா அண்ட் சன்ஸ் நிறுவன வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சுமையைக் குறைத்தது. சிவில் வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஏமாந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

வெற்றுப் போராங் 14ஏ

நம் சமூகத்தில் நிலம் போகும் வழி பெரும்பாலும் ஆள்மாறாட்டம் அல்ல. நாமே போட்ட கையெழுத்து. மகள் கல்யாணம், மருத்துவச் செலவு, தொழிலில் முடை. வங்கி கைவிரித்துவிடும். அறிமுகமான ஒருவர் மூலம் ஒரு கடன்காரர் வருவார். கிராண்டைக் கொடுங்கள், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள், சும்மா உத்தரவாதத்துக்குத்தான் என்பார். அந்தத் தாள்தான் போராங் 14ஏ, நிலத்தைப் பெயர் மாற்றும் பத்திரம். விலை இடமும் தேதி இடமும் வாங்குபவர் பெயரும் காலியாக இருக்கும். சில நேரம் கூடவே ஒரு விற்பனை ஒப்பந்தமும் இருக்கும். முழு விலையையும் ஏற்கனவே பெற்றுக்கொண்டேன் என்று அதில் உங்கள் வாயாலேயே சொல்லியிருப்பீர்கள்.

ஆறு மாதம் கழித்து வட்டி தவறும். வெற்றிடங்கள் நிரம்பும். நிலம் கைமாறிவிடும். இப்போது கள்ளக் கையெழுத்து என்று சொல்ல முடியாது, கையெழுத்து உங்களுடையதுதான். இது உண்மையில் விற்பனை இல்லை, கடனுக்கான வேஷம் என்று நீங்கள் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் வழி உண்டு. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விட்டவரின் கடன் ஒப்பந்தத்தை 1951ஆம் ஆண்டின் வட்டிக்கடன் சட்டம் செல்லாது என்கிறது. அதை மறைக்கப் போட்ட விற்பனையையும் நீதிமன்றம் கிழித்துப் பார்க்கும். ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும்: எவ்வளவு பணம் உண்மையில் கைக்கு வந்தது என்ற வங்கிக் கணக்கு, மாதாமாதம் கட்டிய வட்டிக்கான பதிவு, வாட்ஸ்அப் செய்திகள், இன்றும் நீங்களே வீட்டில் குடியிருந்து நிலவரி கட்டும் ரசீது. ரொக்கமாகக் கொடுத்து ரொக்கமாக வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட வழக்கறிஞரை நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்பதையும் நினைவில் வைத்திருங்கள். 14ஏ பத்திரத்தை அவர் முன்னிலையில்தான் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

முடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காலியான 14ஏயில் கையெழுத்துப் போடாதீர்கள். நிலத்தை வைத்துக் கடன் வாங்கச் சட்டம் தந்த தாள் வேறு. அது சார்ஜுக்கான போராங் 16ஏ. நேர்மையாகக் கடன் தருபவருக்கு அது போதும்.

வாங்குபவர் செய்ய வேண்டியது

நீங்கள் முதல் கையா, இரண்டாம் கையா என்பது வாங்கும் நேரத்தில் உங்களுக்கே தெரியாது. இரண்டாம் கை என்றாலும் சும்மா இருந்து தப்பிக்க முடியாது. நேர்மையாக வாங்கினேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கவனக்குறைவாக இருந்தவரை நேர்மையாக வாங்கியவர் என்று சொல்ல முடியாது என 2007இலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எனவே நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி எனப்படும் அதிகாரபூர்வத் தேடல் எடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒருமுறை, மீதிப் பணம் கொடுக்கும் முன் இன்னொரு முறை. தாள் கைக்கு வந்ததும் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள். பழைய பதிவுகளில் பழைய எண்தான் இருக்கும். விற்பவர் நீட்டும் அட்டையில் உள்ள பழைய எண்ணும் அதுவும் ஒன்றா? மாற்றுப் பிரதி கிராண்ட் வழங்கப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறதா? கடந்த சில மாதங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் மாற்றம் நடந்திருக்கிறதா? கேவியட், அதாவது கைமாற்றத்தைத் தடுக்கும் குறிப்பு, இருக்கிறதா? பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு எழுதப்பட்டிருக்கிறதா?

விற்பவர் வேறொருவரின் அதிகாரப் பத்திரத்தோடு வந்தால், அதன் பிரதி உயர் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டுப் பதிவாகியிருக்கிறதா என்று வழக்கறிஞரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு நிற்காமல், பத்திரம் எழுதிக்கொடுத்தவரையே தொலைபேசியில் பிடியுங்கள். ஒரு முறை நிலத்துக்கே போய்ப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசினால் நில அலுவலகத் தாள் சொல்லாத பல சங்கதிகள் வெளியே வரும். விலை சந்தையைவிட மிகக் குறைவு, விற்பவருக்குத் தாங்க முடியாத அவசரம், இரு தரப்புக்கும் ஒரே வழக்கறிஞர் போதும் என்ற வற்புறுத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சில ஆயிரம் வெள்ளியை மிச்சம் பிடிக்க விற்பவரின் வழக்கறிஞரையே வைத்துக்கொள்வது நம்மவர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். உங்கள் பக்கத்து வழக்கறிஞர் தவறு செய்தால் அவர் மீது வழக்குப் போடலாம். தொழில்முறைக் காப்பீடு அவர்களுக்குக் கட்டாயம்.

முன்பணம் கொடுத்ததும் தனியார் கேவியட் போட்டுவிடுங்கள். பதிவாவதற்கு முன் உங்கள் உரிமைக்கு அதுதான் வேலி. ஆறு ஆண்டு வரை நிற்கும். தகுந்த காரணமின்றிப் போட்டால் நஷ்டஈடு கட்ட நேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிலம் கைமாறியது தெரிந்தால்

அன்றே செயல்படுங்கள். குடும்பத்தில் கூடிப் பேசி, பெரியவர்களை வைத்துச் சமரசம் பார்க்கலாம் என்று ஒரு மாதம் ஓட்டினால், அந்த மாதத்துக்குள் நிலம் இரண்டாம் கைக்குப் போய்விடும். அல்லது முதல் கை அதை வங்கியில் சார்ஜ் வைத்துவிடும். அப்புறம் நிலம் உங்களுக்குத் திரும்பி வந்தாலும் வங்கியின் கடன் அதன்மேல் ஒட்டிக்கொண்டே வரலாம்.

தேடல் எடுத்து, போலீஸ் ரிப்போர்ட் கொடுத்து, அந்த இரண்டோடும் நிலப் பதிவாளரிடம் போங்கள். மோசடியைத் தடுக்கப் பதிவாளர் தாமே கேவியட் போட 320ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பதிவேட்டில் உங்கள் பெயர் இன்னும் இருக்கும்போது, ஆபத்து வருவதாகத் தெரிந்தாலும் இதே வழிதான். சொந்த நிலத்தின் மேல் உரிமையாளரே தனியார் கேவியட் போடுவது பொதுவாக ஏற்கப்படுவதில்லை. பெயர் போய்விட்டிருந்தால், நிலத்துக்கு உரிமை கோருபவர் என்ற முறையில் போராங் 19பி வழியாகத் தனியார் கேவியட்டும் போடலாம். அடுத்து உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவும் வழக்கும். நிலத்தை மீட்கும் வழக்குக்கான காலவரம்பு பன்னிரண்டு ஆண்டு. மோசடி தெரியவந்த நாளிலிருந்து எண்ணும் சலுகை உண்டு என்றாலும், இடையில் நேர்மையாக விலை கொடுத்து வாங்கியவருக்கு எதிராக அது உதவாது.

அரசாங்கம் எடுத்துக்கொள்வது

மோசடியே இல்லாமலும் நிலம் போகலாம். பொதுத் தேவைக்கு நில எடுப்புச் சட்டம் 1960 இருக்கிறது. அதற்கு இழப்பீடு உண்டு. சுக்காய் தானா என்கிற நிலவரியைக் கட்டாமல் விட்டால் போராங் 6ஏ நோட்டீஸ் வரும். கிடைத்த மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலம் பறிமுதலாகலாம். அதற்கு இழப்பீடு கிடையாது. தோட்டத்தை விட்டு வெளியேறி, முகவரியை மாற்றாத குடும்பங்களுக்கு இந்த நோட்டீஸ் கண்ணில் படுவதே இல்லை. இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிராண்ட் கிடந்தால் இரட்டை ஆபத்து: வரி நோட்டீஸும் தெரியாது, போலி வாரிசும் தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை நிலவரி கட்டும்போதே உங்கள் நிலத்துக்கு ஒரு தேடலும் எடுத்துவிடுங்கள், நில அலுவலகத்தில் உள்ள முகவரியையும் சரிபாருங்கள். பெற்றோர் பெயரில் உள்ள நிலத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றும் வேலையை அடுத்த தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் இந்த மாதமே தொடங்குங்கள்.